உப்புக் காற்றில் எண்ணெய் வண்ணம்: டச்சு எலுமிச்சையை நகலெடுத்துப் பழகுதல்

மண்டபம், பாம்பன் போன்ற கடலோர ஊர்களில் எண்ணெய் வண்ணம் பழகுபவர்களுக்கு நகல் ஓவியமே நல்ல தொடக்கம். நிஜப் பழத்தை எதிரே வைத்தால் இந்த வெக்கையில் இரண்டொரு நாளில் தோல் சுருங்கிவிடும். டச்சு ஓவியர் வில்லெம் கிளாஸ் ஹேடா 1635இல் தீட்டிய பொன்முலாம் கோப்பைப் படம் மிகப் பொருத்தமானது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் அதைப் பெரிய அளவிலேயே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. முழுப் படமும் வேண்டாம், தோல் பாதி உரித்த எலுமிச்சை இருக்கும் பகுதி போதும்.

12க்கு 16 அங்குல கேன்வாஸ் போர்டு எடுங்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸில் இரும்பு ஆணி இருந்தால் கடல்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். மலிவான போர்டு எண்ணெயை உறிஞ்சி வண்ணத்தைத் திட்டுத்திட்டாக மங்கவைக்கும். அதனால் முன்பக்கம் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை இரண்டு கோட்டு கூடுதலாக அடித்து உப்புத்தாள் போடுங்கள். பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் ஒரு கோட்டு அடித்தால் ஈரத்தில் போர்டு வளையாது.

டைட்டானியம் வெள்ளை, ஐவரி கறுப்பு, எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஆகிய நான்கு டியூபிலேயே பெரும்பகுதி முடியும். கறுப்பில் ஓக்கர் சேர்த்தால் பச்சை சாயலுள்ள சாம்பல் வரும். ஹேடாவின் பின்னணிக்கு அதுவே அடிப்படை. எலுமிச்சைக்கு மட்டும் கொஞ்சம் லெமன் எல்லோ.

பலரும் அவசரப்பட்டு நிறத்துக்குப் போய்விடுகிறார்கள். இந்தப் பயிற்சியின் உயிர் அதற்கு முந்தைய அம்பர் அடிப்பூச்சில் இருக்கிறது. இரண்டு அங்குலக் கட்டம் போட்டு வரைந்தபின், டர்பன்டைனில் கரைத்த அம்பரை மட்டும் வைத்து ஒளியையும் நிழலையும் முழுதாக முடியுங்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு மூலத்தையும் உங்கள் பலகையையும் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் பக்கம் பாருங்கள். நிழல் வெளிறியிருந்தால் இப்போதே திருத்த வேண்டும். இல்லாவிட்டால் மேலே எவ்வளவு மஞ்சள் பூசினாலும் பழம் உருண்டு நிற்காது.

அம்பர் சீக்கிரம் காயும். அதிலுள்ள மாங்கனீஸ் காரணம். அடுத்த பூச்சுக்கு டர்பன்டைனும் ஆளிவிதை எண்ணெயும் சரிபாதி, கடைசிப் பூச்சில் எண்ணெய் சற்றுத் தூக்கல். இந்த வரிசை மாறினால் மேல்பூச்சு வெடிக்கும். எண்ணெய் மிகுந்தால் தோல் கட்டிச் சுருங்கும்.

கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் ஆடியில் மணல் வந்து ஒட்டும். ஈரத்தில் தேய்க்காதீர்கள், காய்ந்தபின் பிளேடு ஓரத்தால் தட்டிவிடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் முன் மேலே படிந்த உப்பைக் கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, நன்றாக உலரவிடுங்கள். போர் தண்ணீர் இங்கே பெரும்பாலும் கரிப்பு, அது உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் காய்வதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். அதற்காக அலமாரிக்குள் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும், இருட்டில் எண்ணெயும் மஞ்சளிக்கும். வெளிச்சமுள்ள அறையில் சுவரில் சாய்த்துவையுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடவே கூடாது, தானாகத் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். மழைநாளில் அடித்தால் வெள்ளை பூக்கும். மாசி, பங்குனியில் வெயில் ஏறிய பிறகு அடிப்பது நல்லது.