ஓசி முகாமில் ஒரு கடைக்காரன்: திருமுடிவாக்கம் விபஸ்ஸனா

இலவசம் என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான். குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். விலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் தேடுவேன். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தின் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமிலும் தேடினேன். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எதற்கும் காசில்லை. ஒரு முகாமாவது முழுசாக முடிக்காதவர் நன்கொடை நீட்டினாலும் வாங்குவதில்லை. முன்னால் முடித்துப் போனவர்கள் கொடுத்ததில் நான் சாப்பிட்டேன், அவ்வளவுதான் கணக்கு.

போனை ஆரம்பத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். புத்தகம், பேனா, பேச்சு கிடையாது. விடிகாலை 4 மணிக்கு எழுப்பு மணி. ராத்திரிச் சாப்பாடு இல்லை. சாயங்காலம் 5 மணிக்கு டீ, கூட லேசாக ஏதாவது. முதல் மூன்று நாள் மூக்கில் மூச்சு போய்வருவதை மட்டும் கவனிக்க வேண்டும். எனக்கோ வரவேண்டிய பாக்கியெல்லாம் ஆள் ஆளாக வந்து நின்றது. நாலாம் நாளிலிருந்து உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பில் தோன்றும் உணர்வுகளைப் பார்க்கச் சொல்கிறார்கள். தினமும் மூன்று தடவை, ஒரு மணி நேரம், கை கால் அசைக்காமல். முட்டி கெஞ்சும். வலியைத் திட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், அது கூடுவதும் குறைவதும் இடம் மாறுவதும் தெரிகிறது. இதற்காகவே போகலாம்.

சொல்லித்தருவது இந்தத் தியானத்தைப் பரப்பி, 2013இல் காலமான கோயங்காவின் குரல் பதிவு. பர்மாவில் பிறந்த தொழிலதிபர். ஒற்றைத் தலைவலி தாங்காமல் தியானத்தின் பக்கம் வந்தவர். அவருடைய குரு ஊ பா கின், சுதந்திர பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரல், அதாவது அரசாங்கக் கணக்குக்குத் தலைமை அதிகாரி. சாமியார் வாடை அடிக்காததற்கு அதுதான் காரணமோ என்னவோ. மாலைச் சொற்பொழிவைத் தமிழில் கேட்கலாம். அவர் இழுத்துப் பாடும் பாலி மொழி வரிகள் மட்டும் எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை.

வீட்டுக்குப் போனபின் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வது கடைக்காரனுக்கு நடக்காத காரியம். கொத்தனாரும் பிளம்பரும் வருவதே சாயங்காலம்தான். நான் காலையில் மட்டும், அதுவும் அரைமணி. கடன் சொல்லிப் போகிறவர்களிடம் குரல் உயர்வது குறைந்திருக்கிறதாம், பையன் சொன்னான். சந்தோஷமா என்று கேட்டால், படுத்தால் தூக்கம் வருகிறது என்பேன்.

முட்டி வலி இருந்தால் நாற்காலி கேளுங்கள். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதினொன்றாம் நாள் காலையில்தான் விடுவார்கள். முகாமுக்குப் போய்ச் சேருகிற நாளையும் சேர்த்து 12 நாள் ஒதுக்க வேண்டும். கடைச் சாவி யாரிடம் என்று முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.