அம்மாவின் கண்புரை: சாதா லென்ஸா, மல்டிஃபோக்கலா?

போன மாசம் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தோம். டாக்டர் பார்த்த நேரத்தைவிட, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் எந்த லென்ஸ் வைப்பது என்று ஆஸ்பத்திரி ஆலோசகரின் மேசைக்கு முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். லேமினேட் செய்த விலைப் பட்டியலை நீட்டினார்கள். மோனோஃபோக்கல் வைத்தால் எல்லாம் சேர்த்து ஒரு கண்ணுக்கு 34,000, மல்டிஃபோக்கல் என்றால் 78,000. ஆபரேஷன் இரண்டுக்கும் அதே பேக்கோதான் (சின்னத் துளை வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது), காலையில் போனால் சாயங்காலம் வீடு. விலையைத் தூக்குவது லென்ஸ்.

வித்தியாசம் பலருக்கும் தெரிந்ததுதான். மோனோ வைத்தால் தூரம் பளிச்சென்று தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டி வைத்தால் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படாது, ஆனால் ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். அரசு மருத்துவமனையிலும் கண் முகாம்களிலும் இலவசமாகவே செய்கிறார்கள், வைப்பது மோனோதான். மதுரையில் 1992-ல் அரோலேப் நிறுவனம் லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகு அதன் விலை வெகுவாக இறங்கியது.

நாங்கள் எடுத்தது மோனோ. முடிவு செய்தது கண் இல்லை, பாலிசி.

அம்மாவுக்கு இருப்பது ஆரோக்கிய சஞ்சீவனி என்ற மருத்துவக் காப்பீடு, 2 லட்சத்துக்கு, 64 வயதில் எடுத்தது. பாலிசி எடுத்து 24 மாதம் கழித்துத்தான் கண்புரைக்குப் பணம் கிடைக்கும், அந்தக் காத்திருப்பு எப்போதோ முடிந்துவிட்டது என்று தெம்பாகத்தான் போனேன். 2 லட்சம் இருக்கும்போது 78,000 என்ன பெரிய காசு என்று நினைத்தது என் மடத்தனம். பாலிசிக்குள் ஒரு வரி இருக்கிறது: கண்புரைக்கு, ஒரு பாலிசி ஆண்டில், ஒரு கண்ணுக்கு, காப்பீட்டுத் தொகையில் 25% அல்லது 40,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. எங்களுக்கு 25% என்பது 50,000, அதனால் கிடைப்பது 40,000. இதே பாலிசியை 1 லட்சத்துக்கு எடுத்தவருக்கு 25,000-த்தோடு சரி, மோனோவுக்கே கையைக் கடிக்கும். அப்புறம் எந்த க்ளெய்மிலும் 5% நம் பங்கு வேறு.

ஆக மோனோவுக்கு எங்கள் கையிலிருந்து போனது 1,700, கூடவே க்ளெய்மில் சேராத சில்லறைச் சாமான்கள். மல்டி என்றால் கிட்டத்தட்ட 40,000 போயிருக்கும், அடுத்த மாசம் இடது கண்ணுக்கு இன்னொரு 40,000. உச்சவரம்பு கண்ணுக்குக் கண் தனி என்பதால், இரண்டாவது கண்ணுக்காகப் புதுப்பிக்கும் தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது ஒரு ஆறுதல். மேசையில் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்களே தவிர, கண்ணுக்கு எவ்வளவு வரம்பு என்று யாரும் கேட்கவில்லை. ஆபீஸ் குரூப் பாலிசியில் பெற்றோரைச் சேர்த்திருப்பவர்களுக்குக் கணக்கு மாறலாம், பலவற்றில் காத்திருப்பும் கிடையாது. அவர்களும் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டு லென்ஸைப் பேசுவது நல்லது.

மல்டி வைத்துக்கொண்டவர்களில் எனக்குப் பழக்கம் சித்தப்பா ஒருவர்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கடையில் பில்லைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். ராத்திரி பைக் ஓட்டுவதை விட்டுவிட்டார், அது லென்ஸாலா வயசாலா என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அம்மா மாடியிலிருந்து எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்த்து, ஒரு புள்ளியை விட்டுவிட்டார்கள் என்றாள். ஊசியில் நூல் கோக்க 250 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். குனிந்தால் மூக்கு நுனிக்கு இறங்கிவிடுகிறதாம், இப்போதைக்கு அது ஒன்றுதான் புகார்.