போட்டியா, பரிசில்லாக் கண்காட்சியா: ஓர் இச்சி மரத்துக்காக எடுத்த முடிவு

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் 16 ஆண்டுகளாகப் போன்சாயாக, அதாவது குறுமரமாக, வளரும் இச்சி மரத்தை (நர்சரிக்காரர்கள் ஃபைகஸ் என்பார்கள்) இந்தத் தை மாதம் பலர் பார்க்க வைப்பதென்று முடிவானதும், போட்டியில் சேர்ப்பதா, பரிசு இல்லாத கண்காட்சியில் வைப்பதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. முன்பு ஒருமுறை போட்டிக்கு அனுப்பிய நான் இம்முறை கண்காட்சியைத் தேர்ந்தேன். கட்டணம், குட்டியானை வாடகை, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தொட்டி அசையாமல் பிடித்துச் செல்லும் பாடு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே.

போட்டியால் பயன் உண்டு. டோக்கியோவின் உஎனோவில் 1934 முதல் நடந்துவரும் கொக்குஃபு-தென் என்ற போன்சாய்ப் போட்டிக் கண்காட்சியில் மரம் அரங்கில் இடம்பெறுவதற்கே முன்தேர்வில் தேற வேண்டும். அத்தகைய கண்டிப்பு வளர்ப்பவரின் கையைத் திருத்தும். என் மரத்தின் முன்வேர் ஒன்று மற்றொன்றின்மேல் குறுக்காக ஓடுவதை நடுவர் சுட்டிக்காட்டும்வரை நான் கவனித்ததே இல்லை.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இலை. நடுவர் முன் இச்சியின் இலைகள் சிறியவையாகவும் ஒரே அளவிலும் இருக்க வேண்டுமானால், ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே பழைய இலைகளைக் காம்பை விட்டுவிட்டு வெட்டியெடுத்து, புதுத் தளிர் விடச் செய்ய வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் மரம் இதை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். தை மாதப் போட்டிக்கென்றால் கத்தரி வைக்கும் நாள் கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையின் நடுவில் விழுகிறது; வெயில் குறைவு, தொட்டி மண் காய்வதில்லை, இலையில்லாத மரம் நீரை உறிஞ்சுவதும் இல்லை. சென்ற முறை அப்படிச் செய்ததில் தளிர் ஒரு பக்கம் மட்டுமே வந்தது. கடற்காற்றுப் படும் பக்கத்தில் இரண்டு சிறு கிளைகள் காய்ந்துபோயின. அந்த இடைவெளியை வேறு கிளையைக் கம்பி கட்டித் திருப்பி மூட இரண்டு ஆண்டுகள் ஆயின. கொக்குஃபு-தென் பிப்ரவரியில் நடப்பது அங்குள்ள மரங்களுக்குப் பொருந்துகிறது, ஏனெனில் இலையுதிர் மரங்களை வெறுங்கிளையோடு அப்போதுதான் அழகாகக் காட்ட முடியும். ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் நம் இச்சிக்கு அந்தப் பருவக் கணக்கு உதவாது.

பரிசில்லாக் கண்காட்சியில் மரம் தன் பருவத்தில் இருக்கும் நிலையிலேயே நிற்கலாம். போர் தண்ணீரின் உப்புத் தொட்டி விளிம்பில் விட்ட வெள்ளைக் கறையைத் துடைத்து, மண்மேல் பாசி பதித்தால் போதும். மூன்று நாள் அரங்க இருட்டைத் தாங்கவும் முதிர்ந்த இலைகளே உதவுகின்றன. போன மாதம் விட்ட தளிர் அங்கே சட்டென்று உதிர்ந்துவிடும்.

மூன்றாவது வழியாக, போன்சாய்க் காட்சியகம் ஒன்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். மைசூரில் அவதூத தத்த பீடத்தின் போன்சாய்த் தோட்டத்தை ஒருமுறை சுற்றிவந்ததற்கு மேல் இதில் எனக்கு அனுபவம் இல்லை. ஆயினும் 1976-இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு அளித்த 53 மரங்களில், 1625 முதல் பேணப்பட்டு ஹிரோஷிமா குண்டுவீச்சிலும் பிழைத்த யமாகி பைன் இன்றும் வாஷிங்டன் காட்சியகத்தில் நிற்பதை எண்ணும்போது, பின்னால் பார்த்துக்கொள்ள ஆளில்லாத மரத்துக்கு அதுவே உரிய இடம் என்று உறுதியாக நம்புகிறேன். எங்கள் வீட்டில் என் மகள் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் தானே தண்ணீர் ஊற்றுகிறாள். ஆகவே கண்காட்சி முடிந்ததும் மரம் மாடிக்குத் திரும்பி, பத்து நாள் நிழல்வலைக்கடியில் இருந்துவிட்டு, பழைய இடத்தில் வெயிலுக்குப் போகும்.