நெட் போனாலும் அலுவலகம் பேச வேண்டும்: எந்த மெசஞ்சர்?

பாம்பனில் புயல் கூண்டு ஏறிவிட்டால் மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அலுவலகமே வாட்ஸ்அப்பில் ஓடுகிறது என்றால், சிக்கல் அங்கேதான். அடுத்த மேசைக்கு அனுப்பும் செய்திகூட வெளியே இருக்கும் சர்வருக்கு (செய்திகளை வாங்கிக் கொடுக்கும் கணினி) போய்விட்டுத்தான் திரும்பி வருகிறது. இத்தனைக்கும் கட்டடத்துக்குள் ஓடும் கேபிளும் வைஃபையும் நன்றாகத்தான் இருக்கும்.

அதை வைத்தே பேசிக்கொள்ளும் மென்பொருள்களில் மூன்றை இங்கே பார்க்கலாம்: ஐபி மெசஞ்சர், பீபீப், ஓப்பன்ஃபயர். மூன்றுமே இலவசம். முன்னால் ஆபீஸ், பின்னால் தராசுக் கொட்டகை, கொஞ்சம் தள்ளி ஐஸ் பிளான்ட் என்று இருக்கும் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபி மெசஞ்சர் ஜப்பானில் 1996-இல் பிறந்தது. மிகச் சிறிய மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். நிறுவிய உடனே, அதே நெட்வொர்க்கில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் தானாக வந்துவிடும். செய்தியை 'உறை' போட்டு அனுப்பினால், எதிர்முனையில் பிரித்ததும் நமக்குத் தெரிந்துவிடும். "நான் பார்க்கவே இல்லையே" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் குழுவாக அரட்டை அடிக்க இது தோதுப்படாது.

அதற்குப் பீபீப் நல்லது. குழு அரட்டை, கோப்புப் பகிர்வு, செய்தியை வேறு யாரும் படிக்க முடியாமல் செய்யும் மறையாக்கம் எல்லாம் உண்டு. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இதற்கும் தனி சர்வர் தேவையில்லை.

சர்வர் வேண்டாம் என்பதைத்தான் எல்லோரும் பெரிய வசதியாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் குறையாகப் படுகிறது. விடியற்காலையில் படகு வந்து, கொட்டகையில் இறாலும் நண்டும் எடை போட்டு, கணக்கை அனுப்பிவிட்டு அங்கே இருப்பவர் சிஸ்டத்தை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஆபீஸ் கணினி ஒன்பது மணிக்குத்தான் உயிர் பெறுகிறது. இந்த வகை மெசஞ்சர்களில் செய்தி காத்திருக்க, அனுப்பியவரின் கணினியைத் தவிர வேறு இடம் கிடையாது. இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் தகவல் போய்ச் சேரும்.

ஓப்பன்ஃபயரில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கணினியை சர்வராக வைத்துவிட்டால், ஆள் இல்லாத நேரத்தில் வரும் செய்தியை அது வாங்கி வைத்திருந்து, அவர் உள்ளே வந்ததும் கொடுத்துவிடும். மற்ற கணினிகளில் அதனோடு பேசும் ஸ்பார்க் என்ற மென்பொருளைப் போட்டால் போதும். ஐஸ் பிளான்டில் கணினி இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் கான்வர்சேஷன்ஸ் செயலியைப் போட்டு வைஃபையில் சேர்த்துக்கொள்ளலாம். இதற்குப் படவேண்டிய பாடு? சர்வர் கணினி இரவும் பகலும் ஓட வேண்டும், அதற்கு மாறாத ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) வேண்டும், ஒவ்வொருவருக்கும் கணக்கு உருவாக்க வேண்டும். அது படுத்தால் எல்லாமே படுத்துவிடும். ஆனாலும் ஷிப்ட் மாறும் இடத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். நாலு பேர், நாலு பேரும் ஒரே நேரத்தில் வேலை என்றால் பீபீப் போதும். சர்வர் தலைவலி எதற்கு?

எதைப் போட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஐஸ் பிளான்டில் இன்னொரு வைஃபை ரவுட்டர் வைத்து, ஆபீஸிலிருந்து வரும் கேபிளை அதன் 'வான்' (WAN) துளையில் செருகியிருப்பார்கள். நெட் வரும், ஆனால் அது தனி நெட்வொர்க் ஆகிவிடும். ஐபி மெசஞ்சரிலும் பீபீப்பிலும் அந்தப் பக்கத்து ஆட்கள் பட்டியலில் தானாகத் தெரிய மாட்டார்கள். கேபிளை 'லேன்' (LAN) துளைக்கு மாற்றி, அந்த ரவுட்டர் மற்ற கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்குவதை (DHCP) நிறுத்திவிட்டால் சரியாகிவிடும். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிந்தும் செய்தி போகவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் காவல்) மேல் சந்தேகப்படலாம்.

அப்புறம் மின்சாரம். புயலில் நெட்டோடு கரண்டும் போகும். கணினிகளை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியையும் ரவுட்டரையும் சுவர்ப் பிளக்கில் விட்டால், எந்த மெசஞ்சரும் பேசாது. உப்புக்காற்றில் கேபிள் முனைகள் பச்சை பூத்துவிடும், கொட்டகைப் பக்கம் இருப்பவை சீக்கிரமே. இந்த வேலைகளையெல்லாம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வைத்துக்கொள்வது வசதி. விசைப்படகுகள் கரையில் நிற்கும், கொட்டகையில் கூட்டம் இருக்காது.