பீன்ஸ்–பேக்கன் சூப்: ஓசூர், தர்மபுரிக் கடைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

பீன்ஸ்–பேக்கன் சூப் வைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது பேக்கன், அதாவது உப்பில் ஊறவைத்துப் புகையில் வாட்டிய பன்றிக்கறிப் பாக்கெட்டைத்தான். ஆனால் கிண்ணத்தில் இருப்பதில் முக்கால் பங்கு பீன்ஸ், அதாவது காய்ந்த பயறு. பயறு வேகாமல் போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேக்கனாலும் அந்தச் சூப்பைக் காப்பாற்ற முடியாது. அதனால் நம் இரண்டு மாவட்டக் கடைகளில் கிடைக்கும் பயறு, பேக்கன் இரண்டையும் இந்த ஒரு சூப்புக்கு எது பொருந்தும் என்ற கணக்கில் மட்டும் இங்கே பார்க்கிறோம். காலை டிபனுக்கு முட்டையோடு வறுக்க எது நல்லது என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் இதற்குப் போடுவது நேவி பீன்ஸ் என்ற சின்ன வெள்ளைப் பயறு. அது நம் மளிகைக் கடைகளில் கிடையாது. அதற்குப் பதிலாகப் பலரும் வாங்குவது பாக்கெட்டில் வரும் வெள்ளை ராஜ்மா. தோல் மெல்லியது, நன்றாகக் குழையும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாக்கெட் எத்தனை மாதம் கடையில் கிடந்தது என்று தெரியாது. பயறு பழசாகப் பழசாக, அதுவும் வெயிலிலும் ஈரக்காற்றிலும் கிடந்தால், எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கல் போல நின்றுவிடும். சிவப்பு ராஜ்மா இந்தச் சூப்புக்கு வேண்டாம். நிறம் மங்கி, குழம்பு பழுப்பாகிவிடும். எந்த ராஜ்மாவானாலும் ஒரு எச்சரிக்கை: அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். குக்கரில் வைப்பவர்களுக்குக் கவலையில்லை. மெதுவாகச் சூடேறும் எலெக்ட்ரிக் ஸ்லோ குக்கரில் மட்டும் ஊறிய ராஜ்மாவை நேராகப் போடக் கூடாது.

எங்கள் தேர்வு ஊர் மொச்சைக்கொட்டை. ராகிக் கொல்லையில் ஊடுபயிராக வரும் அவரையின் காய்ந்த கொட்டை. மார்கழியில் பச்சையாக வருவது தை, மாசியில் காய்ந்து கடைக்கு வந்துவிடும். அந்தப் புதுக்கொட்டைக்கு எந்தப் பாக்கெட்டும் ஈடில்லை. ஓசூர், தர்மபுரி உழவர் சந்தைகளிலும் வாரச்சந்தைகளிலும் அள்ளிப் பார்த்து வாங்கலாம். தோல் பளபளப்பாக, வெளுத்த சந்தன நிறத்தில் இருந்தால் புதுசு. மங்கிச் சுருங்கி, பழுப்பேறியிருந்தால் போன வருஷத்துச் சரக்கு. கையில் எடுத்தால் மாவு ஒட்டுகிறதா, வண்டு ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். செம்மண் கட்டி வைத்த கொட்டை கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், வண்டு விழுந்திருக்காது. ஆனால் தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை அலச வேண்டும். கொஞ்சம் மண் தங்கினாலும் சூப்பில் பல்லில் நறநறக்கும். கறுப்பு, அடர்பழுப்புக் கொட்டைகள் குழம்புக்கு நன்றாக இருக்கும். சூப்புக்குக் கசப்புத் தட்டும், வெள்ளையே எடுங்கள்.

மொச்சைக்கு ஒரே குறை தடித்த தோல். அதற்குத் தீர்வு நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஊறிய கொட்டையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் பருப்பு வழுக்கி வெளியே வந்து விழும். பிதுக்குப் பருப்புக் குழம்பு வைக்கும் வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பிதுக்கிவிட்டால் சூப் வெறும் கஞ்சியாகிவிடும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிதுக்குங்கள். பிதுக்கியது கரைந்து சூப்புக்குக் கெட்டித்தன்மை கொடுக்கும், பிதுக்காதது கடிக்க முழுதாக நிற்கும். வெள்ளை ராஜ்மாவில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. மொச்சைக்கு எங்கள் ஓட்டு விழக் காரணம் இதுதான்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமல் பயறைப் பற்றிப் பேச முடியாது. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்புச்சத்து அதிகம். அதிலுள்ள கால்சியம் பயறுத் தோலில் இருக்கும் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடும். கடைக்காரர் பழைய பயறு கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதையே ஊறவைக்கவும் வேகவைக்கவும் எடுக்கலாம். இல்லையென்றால் கேன் தண்ணீர். இரண்டும் இல்லையென்றால் போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியபின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் வேலை செய்யும். அதற்கு மேல் போனால் சோப்பு வாசனை வந்துவிடும்.

ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது உண்மையில்லை, நடப்பது நேர்மாறு. உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடிப்பதால் தோல் மெத்தென்று வேகும். 250 கிராம் கொட்டைக்கு 1 லிட்டர் தண்ணீர், 1 மேசைக்கரண்டி கல்லுப்பு, 10 முதல் 12 மணி நேரம். வெயில் காலத்தில் நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றி, அதே அளவு உப்பைப் போடுங்கள், இல்லாவிட்டால் நுரைத்துப் புளித்துவிடும். ஊறிய தண்ணீரைக் கண்டிப்பாகக் கொட்டிவிட வேண்டும். மொச்சையின் கசப்பு அதில்தான் இறங்கியிருக்கும்.

இனி பேக்கன். பெங்களூரு 40 கிலோமீட்டர் தூரம்தான் என்பதால் ஓசூர் ஃப்ரீசர்களில் வகை அதிகம். கிருஷ்ணகிரி, தர்மபுரியில் தேடித்தான் வாங்க வேண்டும். கடையில் பார்ப்பது பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது ஸ்ட்ரீக்கி பேக்கன். பன்றியின் வயிற்றுப் பகுதி, வெள்ளைக் கொழுப்பும் சிவப்புக் கறியும் வரிவரியாக இருக்கும். இந்தச் சூப்புக்கு இதுதான். 150 கிராமை நிதானமாக உருக்கினால் கிட்டத்தட்ட 3 மேசைக்கரண்டி கொழுப்பு இறங்கும். வெங்காயம் வதங்குவது அதில்தான், புகை வாசனை சூப் முழுக்கப் பரவுவதும் அதனால்தான். பாக்கெட்டில் கொழுப்பும் கறியும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருப்பதாகப் பார்த்து எடுங்கள். இரண்டாவது பேக் பேக்கன். முதுகுப் பகுதி, கொழுப்பு விளிம்பில் மட்டும்தான் இருக்கும். கறி நன்றாக இருக்கும், ஆனால் உருகி வருவது ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. இதுதான் கிடைத்தது என்றால் ஒன்றரை மேசைக்கரண்டி கடலெண்ணெய் சேர்த்து வதக்கலாம். சூப் தேறிவிடும், மணம் பாதிதான். மூன்றாவது சிக்கன் பேக்கன். பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்காக இருப்பது என்றாலும், இந்தச் சூப்புக்கு அதை எங்களால் சிபாரிசு செய்ய முடியாது. அரைத்த கறியைத் தகடாக அழுத்தி வெட்டியது அது. கொழுப்பு இறங்காது, வாணலியில் ஒட்டும், சூப்பில் விழுந்ததும் ரப்பராகிவிடும். பன்றிக்கறி வேண்டாம் என்பவர்கள் பேக்கனையே விட்டுவிட்டு, கீழே சொல்லும் கரிப்புகையை மட்டும் பயன்படுத்தினால் இதைவிட நல்ல சூப் கிடைக்கும்.

லேபிளில் பார்க்க வேண்டியவை இரண்டு. சேர்மானங்களில் கறிக்கு அடுத்தபடியாகத் தண்ணீர் எழுதியிருந்தால் அது உப்புநீர் ஏற்றிய சரக்கு. வாணலியில் போட்டதும் தண்ணீரும் வெள்ளை நுரையும் கக்கும், எடையில் நல்ல பங்கு ஆவியாகப் போய்விடும். இன்னொன்று, புகையில் வாட்டியதா அல்லது புகை ஃப்ளேவர் மட்டும் சேர்த்ததா என்பது. ஃப்ளேவர் சேர்த்தது பாக்கெட்டைப் பிரிக்கும்போது தூக்கலாக மணக்கும், அரை மணி நேரம் கொதித்தபின் ஒன்றும் மிஞ்சாது. பாக்கெட்டுக்குள் பனித்துகள் நிறைய ஒட்டியிருந்தாலோ, ஒரு பக்கமாகச் சரிந்து கட்டியாக உறைந்திருந்தாலோ, அது கரண்ட் போய் இளகி மறுபடி உறைந்த சரக்கு. எடுக்காதீர்கள். ஓசூரிலிருந்து தர்மபுரிக்கு பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். இளகவிடுவது ஃப்ரிட்ஜுக்குள் இரவு முழுக்க, சிங்க்கில் வைத்து அல்ல.

பேக்கனே கிடைக்காத ஊரில் வெண்பன்றி வயிற்றுக்கறி கிடைத்தால் வழியுண்டு. அரை கிலோ கறிக்கு 12 கிராம் உப்பு, 5 கிராம் நாட்டுச்சர்க்கரை, 1 டீஸ்பூன் மிளகுத்தூள் தடவி, மூடி, ஃப்ரிட்ஜில் 2 நாள். நைட்ரைட் சேர்க்காததால் இளஞ்சிவப்பு நிறம் வராது, அதிக நாளும் தாங்காது, மூன்றாம் நாளுக்குள் சமைத்துவிட வேண்டும். புகைக்கு, கனன்று சிவந்த கொட்டாங்குச்சிக் கரி ஒரு துண்டைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, முடிந்த சூப்பின் மேல் மிதக்கவிட்டு, கரி மேல் அரை டீஸ்பூன் நெய் விட்டு உடனே மூடி 5 நிமிடம். அதற்கு மேல் விட்டால் கசக்கும்.

நான்கைந்து பேருக்கு அளவு: காய்ந்த மொச்சை 250 கிராம், ஸ்ட்ரீக்கி பேக்கன் 150 கிராம், பெரிய வெங்காயம் 1, கேரட் 1, பூண்டு 6 பல், நடுத்தரத் தக்காளி 2, பிரிஞ்சி இலை பாதி, மிளகு 1 டீஸ்பூன். செலரி கிடைத்தால் ஒரு தண்டு, இல்லையென்றால் கொத்தமல்லித் தண்டை நறுக்கிப் போடுங்கள். பிரிஞ்சி இலையை முழுதாகப் போட வேண்டாம். மேல்நாட்டு பே இலையைவிட நம் இலையில் பட்டை வாசனை அதிகம், சூப் பிரியாணி மணம் அடிக்கும்.

ஊறிய மொச்சையை, பிதுக்கியதும் பிதுக்காததும் சேர்த்து, 1 லிட்டர் புதுத் தண்ணீரில் திறந்த குக்கரில் கொதிக்கவிட்டு, பொங்கும் நுரையை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் மூடினால் நுரை விசில் துளையை அடைக்கும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. பிரிஞ்சி இலையைப் போட்டு மூடி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம். பழைய கொட்டை என்று சந்தேகமிருந்தால் 20. பிரஷர் தானாக அடங்கட்டும், விசிலைத் தூக்கினால் தோல் வெடித்துப் பிரியும். குக்கர் வேண்டாம், சட்டியிலேயே வேகவைக்கிறோம் என்பவர்கள் ஓசூர்ப் பக்கம் நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், தர்மபுரியில் ஒன்றேகால் மணி நேரத்தில் வேகும் மொச்சை அங்கே இன்னும் கால் மணி நேரமாவது கேட்கும்.

இந்தப் பக்கம் பேக்கனை விரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, அடி கனமான வாணலியில், சூடேற்றும் முன்பே பரப்பி, 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சிறுதீயில் வையுங்கள். காய்ந்த வாணலியில் போட்டால் வெளியே கருகும், கொழுப்பு உள்ளேயே நின்றுவிடும். முதலில் தண்ணீர் பெரிய குமிழிகளாகப் படபடவென்று பொரியும். அது வற்றியதும் சத்தம் தணியும், குமிழி சிறுத்து, துண்டுகளைச் சுற்றிப் பொடி நுரையாகக் கட்டும். அந்த நுரையைப் பார்த்த ஒரு நிமிடத்தில் துண்டுகள் பொன்னிறமாகியிருக்கும், எடுத்துவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வைத்து, கடைசியில் மேலே தூவலாம்.

2 மேசைக்கரண்டி கொழுப்பை நிறுத்தி, மிச்சத்தை வடித்து வையுங்கள். மறுநாள் முட்டைக்கு ஆகும். வெங்காயம், கேரட், செலரியை 8 நிமிடம் வதக்கி, பூண்டைக் கடைசி நிமிடத்தில் போடுங்கள். வாணலி அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தை ஒரு கரண்டி மொச்சைத் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். ருசி அதில்தான் இருக்கிறது. அது கருத்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் குக்கருக்கு மாற்றி, மிளகைத் தட்டிப் போட்டு, மூடாமல் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, பருப்பு மத்தால் நான்கைந்து முறை மட்டும் அழுத்துங்கள். மிக்ஸி வேண்டாம், தோல் பொடியாகித் தொண்டையில் உறுத்தும்.

தக்காளி, மொச்சை முழுதாக வெந்தபின் கடைசி 15 நிமிடத்தில்தான் போக வேண்டும். புளிப்பு தோலை இளக விடாது. பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து வருவதில் நாட்டுத் தக்காளி கிடைத்தால் ஒன்றே போதும். கெட்டித்தோல் ஹைப்ரிட் என்றால் இரண்டு. உப்பு அதற்கும் பின்னால். பேக்கனும் ஊறிய உப்பும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, பல நேரங்களில் அரை டீஸ்பூனுக்கு மேல் தேவைப்படாது. கரித்துவிட்டால் உருளைக்கிழங்கு போட்டு எடுக்கும் வித்தையை நம்பாதீர்கள். உப்பில்லாமல் வேகவைத்த மொச்சையோ வெந்நீரோ சேர்ப்பதுதான் வழி.

ஆறினால் சூப் கெட்டியாகும். திரும்பச் சூடாக்கும்போது வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜில் 3 நாள் தாங்கும், தூவுவதற்கு வைத்த பேக்கனைத் தனி டப்பாவில் வையுங்கள். பிரெட்டைவிட ராகிக் களி இதற்கு நன்றாகச் சேர்கிறது. களிக்கு என்றால் கடைசியில் தண்ணீர் சேர்க்காமல், கரண்டியில் எடுத்தால் மெதுவாக வழியும் பதத்திலேயே இறக்கிவிடுங்கள்.