கண் அரிப்புக்கு எந்தச் சொட்டு: சிவப்பைப் போக்குவதா, ஒவ்வாமையை அடக்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து ஈரக்காற்றில் மெத்தைத் தூசிப்பூச்சி ஆண்டு முழுவதும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் வசந்தம் வந்தால் புல் மகரந்தம். இரண்டு இடத்திலும் மருந்துக்கடையில் இந்தக் கேள்விதான்.

நாஃபசோலின் போன்ற சிவப்புநீக்கிச் சொட்டு இரத்தக்குழாயைச் சுருக்கும், அவ்வளவுதான். கண் சில நிமிடத்தில் வெளுக்கும். ஒவ்வாமை அப்படியே இருக்கும். மூன்று நாளைத் தாண்டிப் போட்டால், மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்பைவிட விரியும். அந்தச் சிவப்பைப் பார்த்து மறுபடி ஊற்றுவார்கள், அதுதான் வினை. குறுங்கோண கிளாக்கோமா (கண்ணின் நீர் வடியும் வழி குறுகி அழுத்தம் ஏறும் நோய்) உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

ஒவ்வாமையை அடக்கும் சொட்டான கீட்டோட்டிஃபென் 0.025%, அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற உடல் வேதிப்பொருளைத் தடுக்கும், அதைச் சுரக்கும் செல்களையும் அடக்கும். நாளுக்கு இருமுறை, 8 முதல் 12 மணி நேர இடைவெளியில், ஒரு சொட்டு. முதலில் கொஞ்சம் எரியும், பயப்பட வேண்டாம். மூன்று வயதுக்கு மேல் தரலாம். நாள்பட்ட அரிப்புக்கு எங்கள் தேர்வு இதுவே.

கீழ் இமையை இழுத்து, முனை கண்ணில் படாமல் விட்டு, கண்ணை மூடி, மூக்கோர மூலையை ஒரு நிமிடம் அழுத்துங்கள். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டே விடுங்கள். பத்து நிமிடம் கழித்து மாட்டலாம்.

கண்ணைக் கசக்காதீர்கள், கசக்கக் கசக்க ஹிஸ்டமின் கூடும். குளிர்ந்த ஈரத்துணி போதும். தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல், சீழ் என்றால் எந்தச் சொட்டும் வேண்டாம். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.