ஈரத் தட்டு: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

மேஜைப் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. பொம்மை வீரனுக்குப் பெயின்ட்டால் கருவிழி வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தட்டில் பெயின்ட் காய்ந்துபோனால் வருகிற கடுப்பு. அக்ரிலிக் அல்லவா, நிமிஷக் கணக்குதான். பெயின்ட் கலக்கும் இந்த ஈரத் தட்டில் (wet palette) ஸ்பாஞ்சை நனைத்து மேலே தாளை விரித்து, அதன்மேல் பெயின்ட் வைத்தால், சனிக்கிழமை கலந்த தோல்நிறம் திங்கள் வரை அப்படியே இருக்கிறது.

மூடியின் ரப்பர்தான் சரியில்லை. இந்தப் பொம்மைகளை வைத்து விளையாடக் கடைக்குப் போன அன்று பைக்குள் கசிந்து, விதிப்புத்தகம் நனைந்துவிட்டது. எதிராளி சிரித்துக்கொண்டே டிஷ்யூ நீட்டினார்.

உலோக நிறங்களை இதில் ஊற்றாதீர்கள். மினுமினுப்புத் துகள் பிரிந்து பக்கத்து நிறத்திலும் கலந்துவிடும். என் ஆர்க் (கற்பனைக் கதை அரக்கன்) பொம்மை ஒருவனின் மூக்கு இன்னும் ஜொலிக்கிறது.

தாள் தீர்ந்ததும் கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் (baking) தாளை வெட்டிப் போட்டேன், ஓடுகிறது. மெழுகுத்தாள் மட்டும் ஆகாது, ஈரம் மேலே ஏறாது.